அவுக சொன்னாக

ராசா,

நீ பிறந்த நாளிலிருந்து இந்த ஒரு பெயரைச் சொல்லித்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொடுத்த பெயர் உன் அப்பா வைத்தது. அதை என் வாயால் சொன்னதே குறைவு. இப்போது நீ பெங்களூரில் உட்கார்ந்து ராஜாக்களுக்குச் சட்டம் எழுதிச் சம்பளம் வாங்குகிறாய், எனக்குச் சிரிப்பு வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவைப் பற்றி நீ போனில் சொன்னதற்கு நான் பதில் பேசாமல் வைத்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். "கல்யாணத்தன்னைக்கு அவரு மேடைக்கு வரக் கூடாதும்மா. வீட்டுலயே கெடக்கட்டும். அவர் கால்ல நான் விழ மாட்டேன். நீ மட்டும் பக்கத்துல நின்னாப் போதும்" என்றாய். அதற்குப் பதில்தான் இது. நீளமாக இருக்கும், பொறுமையாகப் படி. படித்த பிறகு உன் கம்பெனிக்காரர்களிடம் காட்டினாலும் சரி, வரப்போகிற மருமகளிடம் காட்டினாலும் சரி, விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் ஒட்டினாலும் சரி. எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

முதலில் உன் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் அதில்தான் நீ மாட்டிக்கொண்டாய். பொங்கலுக்கு ஒருநாள் வந்தாயே, அப்போது சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து எனக்குக் காட்டினாய். பழைய காலத்து நாடு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, வரி போட்டு, படை சேர்த்து, தலைமுறை தலைமுறையாக ஆண்டு காட்ட வேண்டிய கம்ப்யூட்டர் ஆட்டம். அதில் ராஜா வைத்ததே சட்டம் என்று இருக்கிற நாடுகளுக்கு விதி எழுதுவது உன் பொறுப்பு என்று பெருமையாகச் சொன்னாய். திரையில் வந்த ராஜாவுக்கு உன் அப்பாவின் மீசையை வைத்திருந்தாய். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா? அந்த மீசைக்குப் பக்கத்தில் ஜனங்களின் பயம் எவ்வளவு, ஆதரவு எவ்வளவு என்று இரண்டு எண். ராஜா ஓர் உத்தரவு போட்டால் பயம் ஏறும், ஆதரவு இறங்கும். ராஜா நோயில் விழுந்தால் உத்தரவுக்கெல்லாம் பாதி வலுதான், மந்திரிகள் ஆட்டம் காட்ட ஆரம்பிப்பார்கள். "எப்பிடிம்மா இருக்கு?" என்று கேட்டாய். நான், "ராணி எங்கலே இருக்கா?" என்றேன். நீ ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினாய். முக்காடு போட்ட ஒரு சின்னப் படம். "அவளுக்கு ஆட்டத்துல வேலை ஒண்ணும் இல்லம்மா, வாரிசு பெக்கிறது மட்டுந்தான்" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உன் ஆட்டம் பிடித்துப்போய்ச் சிரிக்கிறேன் என்று நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய்.

உன் அறிவு அம்புட்டுதான், ராசா. காலேஜுக்குப் போகும்வரை ஒரு ராஜாங்கத்துக்குள்ளேயே வளர்ந்தவன், அதை ஆண்டது யார் என்று தெரியாமலே வெளியே போய், அதைப் பற்றி ஆட்டம் எழுதியிருக்கிறாய்.

உன் அப்பா ஆண்டவர் இல்லை. கட்டிலை இந்தப் பக்கம் போடுவதா அந்தப் பக்கம் போடுவதா என்று ஒரு மாதம் யோசிக்கிற மனுசன். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் காபியில் சீனி போட மறந்துவிட்டார்கள், அதைச் சொல்லாமல் முழுவதும் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுசன் என்று என் வீட்டார் பூரித்துப் போனார்கள். நான் அன்றைக்கே பயந்துவிட்டேன். வெம்பக்கோட்டைப் பாதையில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறவன் வாயில் சீனி இல்லை என்ற சொல்கூட வராதென்றால் ஊரார் அவனை மிளகாய்ப்பொடி போட்டுத் தின்றுவிடுவார்கள். கல்யாணமான முதல் வருஷம் அப்படித்தான் தின்றார்கள். ஏஜெண்டு வாய்க்கு வந்த விலையைச் சொல்வான், இவர் "பாப்போம்" என்பார். ஆள்கள் நினைத்த நேரத்துக்கு வருவார்கள், இவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இவர் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்த அன்றுதான் அது ஆரம்பித்தது. வடக்கே போக வேண்டிய லோடு ஒன்று நின்றது. லாரிக்காரன் கிளம்புகிறேன் என்று குதிக்கிறான். போர்மேன் சங்கையா, "மொதலாளி வரட்டும்மா, வந்து சொன்னாத்தான் ஏத்துவேன்" என்கிறான். நான் சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, வெயிலு" என்றான். எனக்குத் தலைக்கு ஏறியது. "ஏத்தச் சொல்லிட்டுத்தான் போயிருக்காக. அவுக சொன்னாக" என்றேன். அவர் எங்கே சொன்னார்? அவருக்கு லோடு நிற்பதே தெரியாது. ஆனால் சங்கையா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "சரிங்கம்மா" என்று போய் ஏற்ற ஆரம்பித்தான். வெயிலும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் அங்கேயே நின்று கடைசிப் பெட்டி ஏறும்வரை பார்த்தேன். பிள்ளை பெற்ற அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை, நீ என்ன நினைத்தாலும் சரி.

அதற்குப் பிறகு அந்த இரண்டு வார்த்தையை வைத்துத்தான் நான் இந்தக் கம்பெனியையும் வீட்டையும் ஆண்டேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்கள். எங்கள் கோயிலில் சாமி வாயே திறக்கவில்லை, எல்லாம் பூசாரி வரம்தான். அவர் அதிகம் பேசாதது எவ்வளவு வசதி என்பது போகப்போகத் தெரிந்தது. பேசுகிறவன் சொன்னால் ஜனங்கள் எதிர்த்துப் பேசுவார்கள். பேசாதவன் சொன்னதாக வேறொருத்தி வந்து சொன்னால் யாரிடம் போய் எதிர்த்துப் பேசுவது? சம்பளத்தில் பிடித்தம், லீவு இல்லை, இன்னாரை நிறுத்து, இன்னார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டாம், எல்லாம் அவுக சொன்னாக. தீபாவளிக்குப் பிறகு ஆள்களுக்குச் சேலை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "அவுகளுக்கு மனசே இல்ல, நாந்தான் மல்லுக்கு நின்னு வாங்கினேன்" என்பேன். அவர்கள் என்னை மகராசி என்பார்கள். உண்மையில் சேலை எடுக்க வேண்டும் என்று வருஷா வருஷம் அவர்தான் ஞாபகப்படுத்துவார்.

இதை உன் ஆட்டத்தில் எழுது. ராஜா கொடுமை செய்தால் ராஜாவுக்கு ஆதரவு குறையும் என்று எழுதி வைத்திருக்கிறாய். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நீ கேள்விப்பட்டதே இல்லையா? கொடுமை செய்கிறவருக்கு ஆதரவு ஏறும், பேர் கொடுத்தவருக்குத்தான் இறங்கும். இன்னொன்றும் உண்டு. உன் ராஜாவுக்குத் திரையில் எல்லாம் தெரிகிறது, எத்தனை பேர் பயப்படுகிறார்கள், எத்தனை பேர் வெறுக்கிறார்கள் என்று எண்ணாகவே தெரிகிறது. நிஜ ராஜாவுக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள், ஏன் என்று புரியாமல் நிற்பார்.

அப்படி அவர் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சங்கையா கெட்டிக்காரன், நாலைந்து வருஷத்தில் மோப்பம் பிடித்துவிட்டான். நான் எதைச் சொன்னாலும், "மொதலாளியே சொன்னாகளாம்மா?" என்று கேட்க ஆரம்பித்தான். மரியாதையாகத்தான் கேட்டான், ஆனால் கேட்டான். ஒருநாள் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து சங்கையாவை உள்ளே விட வேண்டாம், அவுக சொன்னாக என்றேன். அவன் வந்து கேட்டில் நின்றான். "மொதலாளிய ஒருக்கப் பாத்துட்டுப் போயிருதேன். நான் என்ன தப்புச் செஞ்சேன்னு அவுக வாயால சொல்லட்டும்" என்று கேட்டானாம். பார்க்க மாட்டாகளாம் என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம்வரை நின்றுவிட்டுப் போனான். உன் அப்பா உள்ளே ஆபீஸ் அறையில்தான் இருந்தார். இரண்டு நாள் கழித்து, "சங்கையா எங்க, ஆளக் காணோம்?" என்றார். "அச்சங்குளத்துல ஒரு கம்பெனிக்காரன் கூடக் குடுக்கேன்னானாம், போயிட்டான்" என்றேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமயா போனான்?" என்று கேட்டார். பிறகு எப்போதோ சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இவர் அவனைப் பார்த்துக் கையைத் தூக்கியிருக்கிறார். அவன் காறித் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் நெஞ்சில் முள்ளாக இருப்பது அந்தக் கம்ப்யூட்டர்தான் என்று எனக்குத் தெரியும். பத்தாவது படிக்கும்போது விடிய விடிய அதில் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தாய், என்னைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. சோறு கொண்டுவந்து வைத்தால், "அங்கன வச்சிட்டுப் போம்மா" என்பாய். ஒருநாள் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மேஜை காலியாகக் கிடந்தது. "அவுக சொன்னாக ராசா, நான் எம்புட்டோ அழுது பாத்தேன், கேக்கல" என்றேன். நீ என் மடியில் விழுந்து அழுதாய். உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நீ என் மடிக்கு வந்தாய் என்று எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அன்று சாயங்காலம் உன் அப்பா கம்பெனியிலிருந்து வந்து, உனக்காக வாங்கிவந்த சேவு பொட்டலத்தை நீட்டினார். நீ அதைத் தட்டிவிட்டு, "இனிமே உங்ககூடப் பேச மாட்டேன்" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். நான் சிந்திய சேவைக் கூட்டி அள்ளினேன். அன்றிலிருந்து நீ அவரோடு பேசவில்லை. நானும் உன்னைப் பேசு என்று சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் காலேஜில் சேர்ந்த வருஷம் உன் ஹாஸ்டலுக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் வந்ததே, நினைவிருக்கிறதா? மாமா வாங்கிக் கொடுத்தது, அப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார் என்று சொல்லியிருந்தேன். உன் மாமன் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன், அதை நீ எப்படி நம்பினாய்? வாங்கியது அவர். மதுரைக்குத் தானே போய், கடைக்காரனிடம் எது நல்லது என்று கேட்டு வாங்கி, கோயம்புத்தூர்வரை பஸ்ஸில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஹாஸ்டல் வாசலில் நான்தான் அவரை டீக்கடையில் உட்காரச் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். "உங்களப் பாத்தா வேண்டாம்னுருவான்" என்றேன். திரும்பி வந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார். "பிடிச்சிருக்கா அவனுக்கு?" என்றார். நீ என்னைக் கட்டிப்பிடித்து மாமாவுக்கு நன்றி சொல்லச் சொன்னாய். நான், "பிடிச்சிருக்காம்" என்றேன். ஊர் வந்து சேரும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பாய். கம்பெனிக்கு ஒரு பயம் வேண்டியிருந்தது, அதற்குச் செய்தேன். உன் விஷயத்தில் அந்தச் சாக்கு கிடையாது. எனக்கு நீ வேண்டும், பங்கு போடாமல் முழுசாக வேண்டும். பெற்றதில் பாதி அவருடையது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தால் இந்த இடத்திலேயே மடித்து வைத்துவிடு, அது கடைசிவரை வராது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "ம்" என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. உன் ஆட்டத்து விதிப்படி எங்கள் ராஜாங்கம் அன்றோடு ஆடிப்போயிருக்க வேண்டும். நடந்தது என்ன தெரியுமா? நான் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஒரு காபி குடிக்கிற நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பேன். வெளியே வந்து, அவுக சொன்னாக என்பேன். அவர் பேச்சு அம்மாவுக்கு மட்டும் புரியுது என்று ஊரே நம்புகிறது. புது போர்மேன் சாத்திய கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறான். முன்னைக்கு இப்போது ஆர்டர் கூடியிருக்கிறது. வாய் போன ராஜாவைப் போல வசதியான ராஜா கிடையாது, இதையும் குறித்துக்கொள்.

அவர் விழுந்த செய்தி கேட்டு நீ வந்தாய். கட்டில் அருகில்கூட வராமல் கதவோரம் நின்று, "இனிமே யாருக்கும் உத்தரவு போட முடியாதுல்ல" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். படுத்த படுக்கையாய்க் கிடக்கிற மனுசனிடம், பெற்ற பிள்ளை சொன்ன வார்த்தை அது. அவர் இடது கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. "அது வாதத்தால வடியுது, நீ வா, சாப்பிடு" என்று உன்னைக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். நீ கேட்டு வாங்கி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாய். என் பிள்ளைதான் நீ, சந்தேகமே இல்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது நான் அந்த அறையில் அவருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் மேல் வைத்தேன். நீ சொன்னதெல்லாம் அவர் கேட்டார். எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மேடையில் நான் மட்டும் நிற்கப் போகிறேன் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்துவிட்டு அவர் வாயைத் துடைத்தேன். அழுதார். எனக்கு எரிச்சலாக வந்தது. "அவன் ஏன் இப்பிடிப் பேசுதான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று வேண்டுமென்றேதான் கேட்டேன். தெரியாது என்று நம்பித்தான் கேட்டேன். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். இடது கையைத் தூக்கி விரலை என் பக்கம் நீட்டினார். கோபமாக இல்லை, சும்மா, இது தெரியாதா என்பது போல.

அவருக்குத் தெரிந்திருக்கிறது, ராசா. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது. சங்கையா துப்பிய அன்றா, சேவு சிந்திய அன்றா, இல்லை முதல் லோடு ஏறிய அன்றேவா? அந்த விரலைப் பார்த்ததும் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் ஓர் அசட்டு மனுசனை வைத்து ஆண்டுகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், "சொல்லிரவா? அவங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிரவா?" என்று கேட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த இடது கையில் அவ்வளவு வலு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வாயைக் கோணிக் கோணி, எச்சில் ஒழுக, ரொம்ப நேரம் போராடினார். "சொல்லாத" என்றார். ஏன் என்று கேட்டேன். மறுபடியும் போராடினார். "நீயாச்சும்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. நீயாச்சும் அவனுக்கு இரு என்பதைத்தான் சொல்ல வந்தார் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நாலு நாளாக யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். மனசு திருந்தி எழுதுகிறேன் என்று எண்ணாதே. முப்பது வருஷமாக ஜெயித்துக்கொண்டே இருந்தவளை அந்த மனுசன் ஒரு விரலை நீட்டித் தோற்கடித்துவிட்டார், அதை என்னால் தனியாகச் சுமக்க முடியவில்லை. பாதியை உன் தலையில் இறக்கி வைக்கிறேன். நீ என் பிள்ளை, சுமப்பாய்.

உனக்குச் சொல்ல ஒரே ஒரு புத்திமதிதான் இருக்கிறது. கல்யாணம் ஆன பிறகு உன் வீட்டில் உன் பெயரால் ஒரு சொல் நடமாடினால், அது உன் வாயிலிருந்து வந்ததுதானா என்று பார். இல்லையென்றால் வாயைத் திற. நல்லவனாக இருந்துகொண்டு பேசாமல் இருக்கிறவன்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்கிற நல்ல சிம்மாசனம். உன் ஆட்டத்தில் ராணிக்கு ஒரு நல்ல கட்டமாக வை. மீசையை அந்தப் படத்திலிருந்து எடுத்துவிடு.

மேடையில் யார் உட்கார வேண்டும் என்பதை இனி நீ முடிவு செய். வெள்ளை வேட்டி சட்டை துவைத்து வைத்திருக்கிறேன், தூக்கிவர ஆளும் சொல்லியிருக்கிறேன். என்னை வர வேண்டாம் என்றால் வரமாட்டேன். இந்த வீட்டில் ஆயிரம் உத்தரவு அவர் பெயரில் போயிருக்கிறது, அதில் ஒன்றுகூட அவருடையது இல்லை. நிஜமாகவே அவுக சொன்னது, சொல்லாதே என்ற இந்த ஒன்றுதான். அதையும் நான் கேட்கவில்லை.

உன் அம்மா